அணைக்குக் கீழே ஆறு இருக்கிறதா?

மே மாதக் கடைசியில் குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்குள் படகில் போனால், கரையைச் சுற்றி ஒரு செம்மண் வளையம் தெரியும். மேலே காடும் ரப்பரும் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. கீழே தண்ணீர். நடுவில் புல்கூட ஒழுங்காக முளைக்காத, பாளம் பாளமாக வெடித்த சேறு. ஆண்டுதோறும் ஏறி இறங்கும் தண்ணீர் அந்த இடத்தைக் காடாக இருக்கவும் விடுவதில்லை, ஏரியாக இருக்கவும் விடுவதில்லை. மலைமேல் இருக்கும் தச்சமலை, தோட்டமலை போன்ற, காணிக்காரர் என்னும் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கு இந்தத் தண்ணீர்தான் நெடுங்காலமாக வழி. ரேஷன் அரிசியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பேறுகாலப் பெண்களும் படகில்தான் கடந்திருக்கிறார்கள். தண்ணீர் இறங்கிப்போன ஒரு கோடையில் எங்கள் படகு கரை சேராமல் சேற்றிலேயே நின்றுவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தேன். எனக்கு முன்னால் ஒரு சிறுமி, புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் கால் வைத்தால் புதையாது என்று பார்த்துப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். அணை கட்டி நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதன் பாதிப்பு அன்று காலையில் அந்தப் பிள்ளையின் காலடியில் இருந்தது.

அணையால் வரும் சுற்றுச்சூழல் பாதிப்பு என்று பேச்செடுத்தால், நம் ஊரில் பெரும்பாலும் அது மரக்கன்றில் போய் முடிகிறது. இத்தனை மரம் போனது, அதற்கு ஈடாக இத்தனை கன்று நட்டோம் என்பார்கள். ஆனால் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு வரிசை உண்டு. பாதிப்பைத் தவிர்க்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் குறைக்க வேண்டும். குறைத்த பிறகும் கெட்டுப்போனதைச் சீர்செய்ய வேண்டும். அதற்கும் வழியில்லாத மிச்சத்துக்குத்தான் வேறு இடத்தில் ஈடு. நாம் கடைசியில் இருப்பதை முதலில் எடுத்துக்கொண்டு, அத்தோடு நிறுத்திவிடுகிறோம். குமரி மாவட்டத்தின் அணைகளை மேலிருந்து கடல்வரை ஒருமுறை பார்த்து வந்தால், இந்த வரிசை ஏன் முக்கியம் என்பது புரியும்.

இந்த மாவட்டத்தின் நீர்க்கணக்கு தமிழ்நாட்டின் மற்ற இடங்களைப் போன்றதல்ல. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலா மழை என்னும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மலையிலிருந்து கடலுக்கு ஆறு ஓடும் தூரமோ மிகக் குறைவு. பெய்த மழை சீக்கிரமே கடலில் சேர்ந்துவிடும். அதனால்தான் இங்கே தேக்கும் ஆசை எப்போதும் இருந்தது. கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையைத் திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில், மிஞ்சின் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் தலைமையில், 1897இல் தொடங்கி 1906இல் முடித்தார்கள். பரளியாற்றில் பெருஞ்சாணி அணை 1952இல் வந்தது. பிறகு சிற்றாறு 1, சிற்றாறு 2, மேல்கோதையாறு மின்திட்டத்தின் அணைகள், 2000க்குப் பிறகு பொய்கை, மாம்பழத்துறையாறு என்று வரிசை நீள்கிறது. பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணியுடையது 77 அடி. இந்த அணைகள் சேர்ந்த கோதையாறு பாசனத் திட்டத்தின் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 79,000 ஏக்கர். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த நாஞ்சில்நாடு இந்தத் தண்ணீரால் உண்டானது. அதை மறந்துவிட்டு அணை என்றாலே அழிவு என்று பேச என்னால் முடியாது. என் வீட்டுச் சோறும் அந்தத் தண்ணீரில் விளைந்ததுதான்.

இடமும் உயரமும்

ஓர் அணையின் பாதிப்பில் பெரும்பங்கு, முதல் கல் வைப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எந்த இடம், எவ்வளவு உயரம் என்ற இரண்டு கேள்விகளில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. செங்குத்தான பள்ளத்தாக்கில் ஓர் அடி உயர்த்தினால் கொஞ்சம் நிலம் மூழ்கும். விரிந்த சமதளத்தில் அதே ஓர் அடி பெரும் பரப்பை விழுங்கும். பேச்சிப்பாறை அணை முதலில் 42 அடி நீர்மட்டத்துக்குக் கட்டப்பட்டது. பின்னாளில் 6 அடி உயர்த்தினார்கள். சுவரில் 6 அடி என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் நீர்த்தேக்கத்தின் வால்பகுதியில், சரிவு குறைந்த ஓடைக்கரைகளில், அது எத்தனையோ ஏக்கராகப் பரவும். அங்கேதான் ஆற்றோரக் காடு இருக்கிறது. மலைச்சரிவில் நிற்கும் மரங்கள் வேறு, எப்போதும் ஈரம் ஊறும் ஓடைக்கரையில் நிற்பவை வேறு. பள்ளத்தாக்கு மூழ்கும்போது முதலில் போவது இந்த இரண்டாவது வகை. மேற்குத் தொடர்ச்சி மலையில் குறைவாக இருப்பதும் அதுதான். அதற்கு ஈடாகச் சமவெளியில் தேக்கோ வேம்போ நட்டால், கணக்குப் புத்தகத்தில் சரியாகிவிடும். காட்டில் சரியாகாது.

உயரத்தைக் குறைத்தே காரியம் சாதித்த ஓர் எடுத்துக்காட்டு நம்மிடமே இருக்கிறது. பொன்மனை பக்கம் பரளியாற்றில் பாண்டியன் அணை என்று சொல்லும் பழைய தடுப்பு ஒன்று உண்டு. அது தண்ணீரைத் தேக்கி வைப்பதில்லை. ஓடும் ஆற்றின் மட்டத்தைக் கொஞ்சம் தூக்கி, ஒரு பங்கைக் கால்வாயில் திருப்பிப் பழையாற்றுப் பக்கம் அனுப்புகிறது. மேலே காடு மூழ்கவில்லை. வெள்ளம் வந்தால் தலைக்குமேல் தாண்டிப் போகும். மண்ணும் மணலும் அதோடு போகும். மேற்கே ஓடி அரபிக்கடலில் சேர வேண்டிய தண்ணீர், இப்படித்தான் கிழக்கே மழை குறைந்த நாஞ்சில்நாட்டு வயல்களுக்கு வந்தது. இப்படித் தண்ணீரைத் திருப்பிவிடும் அணை எல்லா இடத்திலும் பெரிய அணைக்கு மாற்றாகிவிடாது. கோடைக்குச் சேமித்து வைக்க அதனால் முடியாது. ஆனால் தேவைப்படுவது திருப்பிவிடுவதா, சேமிப்பதா என்ற கேள்வியைத் திட்டத்தின் முதல் நாளிலேயே கேட்க வேண்டும்.

சேமிப்புத்தான் வேண்டும் என்றால், அடுத்த கேள்வி: இருக்கிற சேமிப்பு என்னவாயிற்று? இந்த மாவட்டத்தில் எத்தனையோ குளங்கள் பாசனக் கால்வாயான சானலோடு இணைந்து கிடக்கின்றன. சானல் தண்ணீர் குளத்தை நிரப்பும், குளம் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்தை நிரப்பும். அவற்றில் பல தூர்ந்து, ஆகாயத்தாமரை மூடி, கரை சுருங்கி, சாலைக்கும் மனைக்கும் இடம் கொடுத்து நிற்கின்றன. ஒரு புதிய நீர்த்தேக்கத்துக்காக மலையில் காட்டை மூழ்கடிப்பதற்கு முன், கீழே ஏற்கெனவே நனைந்து கிடக்கும் நிலத்தில் இரண்டடி தூர் வாரினால் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அளந்து பார்ப்பது நியாயம். அணையில் மூழ்கப்போகும் காட்டை அளக்க ஆள் வருகிறார்கள். குளத்தில் காணாமல் போன கொள்ளளவை அளக்க அதே அக்கறையோடு வருவதில்லை. இதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. பெரிய பாசனத் திட்டங்களுக்கு 2006ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும். பின்வந்த திருத்தங்களின்படி 2,000 ஹெக்டேருக்குக் குறைவான பாசனப் பரப்புள்ள சிறு திட்டங்களுக்கு அது தேவையில்லை. மலையடிவார ஓடை ஒன்றை மறிக்கும் சிறிய அணை, பெரிய அணையைப் போலவே அந்த ஓடைக்கு முழுப் பாதிப்பு. ஓடைக்கு அது சின்ன அணை என்பது தெரியாது. வனநிலம் என்றால் வனப்பாதுகாப்புச் சட்டமும் வன உரிமைச் சட்டமும் குறுக்கே நிற்கும். இல்லையென்றால் மாற்று வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

கட்டும் காலம்

கட்டுமானக் காலத்துப் பாதிப்புகள் கண்ணுக்கு நன்றாகத் தெரிபவை. அதனால் குறைப்பதும் ஒப்பீட்டளவில் எளிது. அணைக்குக் கல் வேண்டும், ஜல்லி வேண்டும், மண் வேண்டும். கல்குவாரியால் குமரியின் மலைகள் என்ன ஆயின என்று இந்த மாவட்டத்து ஆட்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நீர்த்தேக்கத்துக்குள் பின்னால் மூழ்கப்போகும் இடத்திலேயே கல்லும் மண்ணும் எடுத்தால், வெளியே இன்னொரு மலையை உடைக்க வேண்டாம். தோண்டிய மண்ணை ஆற்றோரம் தள்ளினால் முதல் மழையிலேயே அது ஆற்றுக்குள் போய்விடும். கூழாங்கல் இடுக்குகளில் முட்டையிடும் மலையோடை மீன்களுக்கு மேலே சேறு மூடிவிடும். தோண்டிய மண்ணுக்கு ஆற்றிலிருந்து தள்ளி இடம் குறித்து, அடிவாரத்தில் கல்லடுக்கி, மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் அதையே மேலே பரப்பிப் புல் நட வேண்டும். ஆற்றுப்படுகையில் செய்யும் வேலையை இரண்டு மழைக்கும் இடைப்பட்ட வறண்ட மாதங்களில் முடிக்க வேண்டும். இங்கே இரண்டு பருவமழை என்பதால் அந்த இடைவெளி குறுகியது. ஒப்பந்தக் காலத்தைப் போடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்காவிட்டால், இடவப்பாதி நடுவில் அவசர அவசரமாக மண் வெட்டும் காட்சியைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டத்தில் நிரந்தரமாக நின்றுவிடுவது ஒன்று உண்டு. வேலைக்காக வெட்டிய சாலை. அணை முடிந்தாலும் சாலை போகாது. அதன் வழியே கடை வரும், குப்பை வரும், இரவில் வண்டி வரும். சுமார் 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் இந்த அணைகளைச் சுற்றித்தான் விரிந்திருக்கிறது. யானை நடமாடும் இடத்தில், தேவையில்லாத பணிச்சாலைகளை வேலை முடிந்ததும் உழுதுபோட்டு மூடிவிடுவது செலவு குறைந்த, பலன் மிகுந்த வேலை. ஆனால் திட்ட மதிப்பீட்டில் சாலை போடத் தொகை இருக்கும். மூடத் தொகை இருக்காது.

தண்ணீர் ஏறும் முன் நீர்த்தேக்கப் பரப்பில் உள்ள செடிகொடிகளை என்ன செய்வது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். அப்படியே விட்டு மூழ்கடித்தால், அவை அடியில் காற்றில்லாமல் அழுகும். தண்ணீரில் உயிர்வளி குறையும், முட்டை நாற்றம் வரும், மீத்தேன் கிளம்பும். மொத்தமாக வழித்துச் சுரண்டிவிட்டால் மண் கரையும், மீனுக்கு மறைவிடம் இருக்காது. அதனால் ஆழமான பகுதியில் இலை, கொடி, சிறு மரங்களை அகற்றிவிட்டு, ஓரங்களில் சில மரங்களை நிற்கவிடுவது நடுவழி. அதைச் செய்யும்போது ஒரே பக்கத்திலிருந்து தொடங்கி, விலங்குகள் காட்டுப் பக்கமாக விலகிப்போக வழிவிட்டுச் செய்ய வேண்டும். நாலாபுறமும் ஒரே நேரத்தில் வெட்டினால் நடுவில் மாட்டிக்கொள்ளும். அந்தக் கரையோரங்களில் எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று காணிக்காரர்களுக்குத் தெரியும். ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை வெளியுலகுக்குக் காட்டியவர்கள் அகத்தியமலைக் காணிக்காரர்கள். மூழ்கும் இடத்துத் தாவரக் கணக்கை அவர்களை வைத்து எடுக்காமல், வெளியூரிலிருந்து வந்து நாலு நாளில் எடுத்துப்போகும் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மண் எங்கே போகிறது

அணை தண்ணீரைத் தடுக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது தண்ணீரைவிட மண்ணைத்தான் உறுதியாகத் தடுக்கிறது. தண்ணீர் மடை வழியாக எப்படியும் கீழே வந்துவிடும். மணலும் கூழாங்கல்லும் நீர்த்தேக்கத்தின் வாயிலேயே படிந்துவிடும், வண்டல் அடியில் உட்காரும். இதில் இரண்டு நட்டம். மேலே கொள்ளளவு குறைகிறது. கீழே ஆறு பட்டினி கிடக்கிறது. சுமை இறக்கிவிட்ட தெளிந்த தண்ணீர் சும்மா போகாது. தன் கரையையும் படுகையையும் அரித்து அந்தச் சுமையை ஏற்றிக்கொள்ளப் பார்க்கும். ஏற்கெனவே மணல் அள்ளப்பட்ட ஆற்றில் இது நடந்தால், பாலத்தின் கால் தெரியும், கிணற்று நீர்மட்டம் இறங்கும்.

மண் வருவதைக் குறைக்க வேண்டுமானால் அணைக்கு மேலேதான் வேலை. பேச்சிப்பாறைக்கும் பெருஞ்சாணிக்கும் மேலே காடு மட்டும் இல்லை, ரப்பரும் இருக்கிறது. வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் இலைமெத்தை இருக்கும். மண் அவ்வளவாகப் போகாது. ஆபத்து மறுநடவின்போது. இருபத்தைந்து, முப்பது ஆண்டு கழித்து பழைய மரங்களை மொத்தமாக வெட்டி, வேரைப் பிடுங்கி, குழி வெட்டும் அந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் சரிவு முழுக்க வெறும் செம்மண். அந்த நேரம் பார்த்து இடவப்பாதி கொட்டினால் ஓடையெல்லாம் தேயிலை நிறத்தில் ஓடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது ரப்பர் மரங்கள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. வேரோடு பெயர்ந்த ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு குழி, அதன் பக்கத்தில் அவிழ்ந்த மண். அந்த மண் எங்கே போயிருக்கும் என்று யோசித்தால் பதில் அணைக்குள் இருக்கிறது.

இதற்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சமமட்ட வரப்பு, கல்லடுக்கிய கையாலை, ஓடைத் தலைப்பில் சிறு கல்தடுப்பு, மறுநடவு செய்த கையோடு பியூரேரியா, முக்குனா போன்ற மூடுபயிர். தோட்டக்காரர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். ஒரே சரிவில் மொத்தத்தையும் ஒரே ஆண்டில் வெட்டாமல் பட்டை பட்டையாக மாற்றி மாற்றி வெட்டுவதும், ஓடையின் இருபக்கமும் கொஞ்ச தூரம் ரப்பர் நடாமல் நாட்டு மரங்களை விட்டுவைப்பதும் அவ்வளவாக நடப்பதில்லை. மழைக்கு முன் இலையுதிர்வு நோய்க்காகத் தெளிக்கும் செம்பு மருந்துக்கும் இந்த ஓடைப் பட்டை ஒரு திரை. செம்பு மீனுக்கு நஞ்சு. ஓடையில் விழுந்தால் நேரே நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும், அங்கிருந்து குடிநீருக்கும் போகும். நீர்ப்பிடிப்பைப் பராமரிப்பது வனத்துறை வேலை, தோட்டத்துக்காரர் வேலை என்று அணை நிர்வாகம் ஒதுங்கி நிற்க முடியாது. தண்ணீர் வரியில் ஒரு பங்கு மலைமேல் மண் காக்கும் குடும்பங்களுக்குக் கூலியாகப் போனால், அது தூர்வாரும் செலவைவிட எப்படியும் குறைவாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

உள்ளே வந்துவிட்ட மண்ணை வெளியேற்றவும் வழி உண்டு. அணையின் அடிமட்டத்தில் மணற்போக்கி வைத்து, பெருவெள்ளம் வரும்போது அதைத் திறந்தால், கொஞ்சம் வண்டல் வெள்ளத்தோடு கீழே போகும். எப்போது திறக்கிறோம் என்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. ஆறு ஏற்கெனவே கலங்கி ஓடும் நாளில் திறந்தால் மீன்கள் தாங்கும். கோடையில் தெளிந்து ஓடும் ஆற்றில், பராமரிப்பு என்று சொல்லி அடிச்சேற்றைத் திறந்துவிட்டால், கீழே பல கிலோமீட்டருக்கு மீன் செத்து மிதக்கும்.

கீழே எவ்வளவு விடுவது

நான் மிகவும் முக்கியம் என்று நினைப்பதும், திட்ட அறிக்கைகளில் மிகச் சுருக்கமாக முடிந்துவிடுவதும் இந்த இடம். அணைக்குக் கீழே ஆற்றுக்கென்று எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்?

ஜூன் முதல் தேதியையொட்டிக் கன்னிப்பூச் சாகுபடிக்கு அணை திறப்பதும், கும்பப்பூ முடிந்து பிப்ரவரிக் கடைசியில் அடைப்பதும் இங்கே வழக்கம். அந்தத் தண்ணீர் போவது சானலில். ஆற்றில் அல்ல. சானல் நிறைந்து ஓடும் நாளில்கூட, ஆற்றில் வருவது கசிவும், இடையில் சேரும் ஓடைத் தண்ணீரும், மறுகால் திறந்தால் வரும் வெள்ளமும்தான். ஆக ஆற்றுக்கு இரண்டே நிலை: ஒன்றுமில்லை, இல்லாவிட்டால் வெள்ளம். இயற்கையான ஆறு அப்படி இருக்காது. கோடையில் மெலிந்து ஓடும், முதல் மழையில் ஒரு சின்னப் பெருக்கு வரும், பிறகு ஏறி இறங்கி நடக்கும். அந்த முதல் பெருக்குதான் மீனுக்கு முட்டையிடப் புறப்படச் சொல்லும் அடையாளம். கரையோரச் செடிகளின் விதை எங்கே ஒதுங்க வேண்டும் என்று தீர்மானிப்பதும் அதுதான். ஆண்டு முழுவதும் இத்தனை கன அடி என்று ஒரே அளவைச் சொட்டவிடுவதால் இது திரும்பி வராது. கங்கையின் மேல்பகுதிக்கு மத்திய அரசு 2018இல் கொண்டுவந்த விதி இந்த வகையில் ஒரு தொடக்கம். வறண்ட மாதங்களில் வரத்தில் 20 சதவீதம், இடைப்பட்ட மாதங்களில் 25, மழை மாதங்களில் 30 என்று பருவத்துக்கேற்பப் பிரித்திருக்கிறார்கள். கோதையாற்றுக்கும் பரளியாற்றுக்கும் இரண்டு பருவமழை. அதே சதவீதத்தை இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. ஆனால் மாதத்துக்கு மாதம் வேறு அளவு என்ற முறை இங்கேயும் வேண்டும்.

பாசனத்துக்கே தண்ணீர் போதவில்லை, கடைவரம்பு வயல்களுக்குப் போய்ச் சேரவில்லை, இதில் ஆற்றுக்கு வேறு எடுத்துக்கொடுப்பதா என்று விவசாயி கேட்பார். கேட்பது நியாயம். ஆனால் இந்த ஆயக்கட்டில் நெல் வயல்கள் எவ்வளவோ சுருங்கிவிட்டன. ஏலா என்னும் வயல்வெளிகளில் வாழை, தென்னை, ரப்பர், பிறகு வீடு. 79,000 ஏக்கர் என்பது பழைய கணக்கு. இன்று எத்தனை ஏக்கருக்கு, எந்தப் பயிருக்கு, எந்த வாரம் தண்ணீர் வேண்டும் என்று புதிதாகக் கணக்கெடுத்தால், விவசாயியின் பங்கில் கை வைக்காமலேயே ஆற்றுக்கு ஒரு பங்கு கிடைக்கும். கிடைக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கை பொய்க்கலாம் என்பது கணக்கெடுக்காமல் இருப்பதற்குக் காரணமாகாது.

திறக்கும் விதத்திலும் பாதிப்பைக் குறைக்கலாம். பெருமழை நேரத்தில் கடைசி நிமிடம் வரை தேக்கி வைத்துவிட்டு ஒரேயடியாக மறுகால் திறந்தால், கீழே கரை சரியும், வாழைத்தோட்டம் போகும், ஆற்றில் குளிக்கிறவர் போய்விடுவார். 2021 நவம்பரில் மாவட்டம் வெள்ளத்தில் நின்றபோது அணைகளின் உபரிநீரும் அதில் சேர்ந்திருந்தது. துலா மழைக்கு முன்பே நீர்மட்டத்தில் இவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும் என்று தேதிவாரியாக வரம்பு வைத்து, படிப்படியாக ஏற்றி, படிப்படியாக இறக்கித் திறந்தால் ஆற்றுக்கும் ஆளுக்கும் நல்லது. மெதுவாக இறக்குவது ஏன் முக்கியம் என்று பலர் யோசிப்பதில்லை. திடீரென்று அடைத்தால், வெள்ளத்தோடு ஓரங்களுக்கு ஏறிய மீன்குஞ்சுகள் அங்கங்கே பாறைக்குழியில் சிக்கிக் காய்ந்துபோகும். திற்பரப்புக்குக் கீழே, உபரிநீர் நின்ற மறுநாள் காலையில், உள்ளங்கை அகலப் பாறைக்குழி ஒன்றில் இருபது முப்பது குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வாய் திறந்து மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஏற்கெனவே சுட ஆரம்பித்திருந்தது. இரண்டு கையாலும் அள்ளி ஓடும் நீரில் விட்டேன். பக்கத்தில் அதே போல் எத்தனை குழிகளோ.

விலாங்கின் கதை இன்னும் கடினமானது. அது கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஆறேறி மலைவரை வந்து பல ஆண்டுகள் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். அணையின் சுவர் அந்தப் பயணத்தை முடித்துவிடுகிறது. தாழ்வான தடுப்பணைகளில் இதற்குச் சுலபமான வழி உண்டு. ஓரத்தில் ஈரம் சொட்டும் சொரசொரப்பான ஒரு சரிவு, அல்லது முறுக்கிய தடித்த கயிறு. விலாங்குக் குஞ்சு அதைப் பற்றிக்கொண்டு ஏறிவிடும். கயிறு திரிக்கும் மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமில்லை. குழித்துறைத் தாமிரபரணியில் கடல்நீர் மேலேறாமல் இருக்க பரக்காணியில் கட்டிய தடுப்பணை போன்றவற்றில், வரைபடத்திலேயே இப்படி ஒரு பாதையைச் சேர்த்துவிடலாம். பெரிய அணைகளில், கீழே குஞ்சைப் பிடித்து மேலே கொண்டுவிடுவதுதான் மிச்சமிருக்கும் வழி. அதோடு, நீர்த்தேக்கத்தில் திலேப்பியா போன்ற வெளியூர் மீன்களை விடுவதை நிறுத்த வேண்டும். பிடிக்க மீன் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் உள்ளூர் மீனின் முட்டைக்கும் இரைக்கும் அது போட்டி.

மின்திட்டத்தில் இன்னொரு வகைச் சிக்கல். மேலே தேக்கிய தண்ணீரைக் குழாயில் இறக்கி, கீழே மின்நிலையத்தில் விடுகிறார்கள். குழாய் தொடங்கும் இடத்துக்கும் மின்நிலையத்துக்கும் நடுவிலிருக்கும் ஆறு வற்றிக் கிடக்கும். மேல்கோதையாற்றில் 60 மெகாவாட்டும் கீழே 40 மெகாவாட்டுமாக 1970களின் தொடக்கத்திலிருந்து ஓடும் நிலையங்களின் தண்ணீர் கடைசியில் பேச்சிப்பாறைக்குத்தான் வருகிறது. அதனால் தண்ணீர் வீணாகவில்லை என்ற பதில் உடனே வரும். தண்ணீர் கிடைத்துவிடுகிறது, சரி. நடுவிலிருக்கும் ஓடைக்குக் கிடைக்கவில்லையே.

சானல், குளம், பறவை

அணையின் தண்ணீர் நல்லது செய்த இடங்களையும் சொல்லியாக வேண்டும். சுசீந்திரம்-தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் ராம்சர் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகள் அங்கே தங்கிப்போகின்றன. இந்தப் பாசனக் குளங்களுக்கு உயிர் கொடுப்பது சானல் தண்ணீர். மனிதன் திருப்பிவிட்ட தண்ணீரில் ஒரு பெரிய உயிர்வாழிடம் உருவாகியிருக்கிறது. ஆகவே சானலில் என்ன மாற்றம் செய்தாலும், அதைக் கட்டுமானக் கணக்காக மட்டும் பார்க்கக் கூடாது. உதாரணத்துக்கு, சானலுக்குக் கான்கிரீட் தளம் போடுவது. கசிவு குறைந்து கடைவரம்புக்குத் தண்ணீர் சீக்கிரம் போகும். அதே கசிவில்தான் சானல்கரைக் கிணறுகள் ஊறுகின்றன, ஓரத்து மரங்கள் நிற்கின்றன, ஆமையும் நண்டும் வாழ்கின்றன. உடைப்பு எடுக்கும் இடங்களிலும் மேடான இடங்களிலும் மட்டும் தளம் போட்டு, மற்ற இடங்களில் பக்கக் கரையைக் கல்லால் கட்டி அடியை மண்ணாகவே விட்டால் இரண்டு பக்கமும் காப்பாற்றலாம். 1966இல் மாத்தூரில் பரளியாற்றின்மேல் 115 அடி உயரத்தில் தொட்டிப்பாலம் கட்டி, சானலை ஆற்றுக்கு மேலேயே கொண்டுபோனார்கள். ஆற்றை மறிக்காமல் தாண்டிப் போன வேலை அது. கட்டுமானத்துக்கும் ஆற்றுக்கும் பகை இருந்தே தீர வேண்டும் என்பதில்லை என்று அங்கே நின்று பார்க்கும்போது தோன்றும்.

மக்கள் பங்கேற்பு என்று அறிக்கைகளில் ஒரு பத்தி வரும். அதில் பெரும்பாலும் ஒரு நாள் கருத்துக்கேட்புக் கூட்டம்தான் இருக்கும். அணையின் பாதிப்பு ஒரு நாளில் முடிவதில்லை என்பதால் கேட்பதும் ஒரு நாளில் முடியக் கூடாது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் சுவரின் நிலையைத் தொடர்ந்து சோதிக்கச் சொல்கிறது. அதே ஒழுங்கோடு ஆற்றின் நிலையையும் சோதிக்கச் சொல்லும் ஏற்பாடு நமக்குத் தேவை. நீர்மட்டம் இத்தனை அடி என்று நாளிதழில் தினமும் வருகிறது. அணைக்குக் கீழே ஆற்றில் இன்று இத்தனை கன அடி விட்டோம் என்று அதன் பக்கத்தில் இன்னொரு வரி வந்தால், காணிக்காரர், விவசாயி, மீன்பிடிக்கிறவர் எல்லோரும் ஒரே எண்ணை வைத்துப் பேச முடியும். படகுத்துறையில், நீர் இறங்கும்போது கூடவே இறங்கும் மிதவைப் படித்துறை ஒன்றும் இதே கணக்கில் சேர வேண்டியது. பெரிய செலவில்லை.

மூவாற்றுமுகத்தில் கோதையாறும் பரளியாறும் சேர்ந்து, குழித்துறை தாண்டி, தேங்காய்ப்பட்டணத்தில் கடலைத் தொடுகிறது ஆறு. மலைமேல் அணையில் செய்வதும் செய்யாததும் வந்து சேரும் இடம், ஆறு கடலில் கலக்கும் இந்தப் பொழிதான். ஆற்றில் வேகம் இருந்தால் கடல் கொண்டுவந்து போடும் மணலை அது தள்ளித் திறந்து வைக்கும். உவர்நீரும் நன்னீரும் கலக்கும், இறால் குஞ்சு உள்ளே வரும். வேகம் இல்லாவிட்டால் மணல் மேடேறும், மறுபக்கம் உப்பு ஆற்றுக்குள் ஏறும். மலையிலிருந்து வர வேண்டிய மணல் வராதபோது கடற்கரையும் மெலியும். துறைமுகச் சுவரும் தூண்டில் வளைவும் மணல் அள்ளலும் இதில் பங்காளிகள். அணையும் ஒரு பங்காளி. போன கோடையில் அங்கே நின்றபோது ஆறு முழங்காலளவு தண்ணீரோடு மணல்திட்டை ஒட்டி நகர்ந்துகொண்டிருந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், இடவப்பாதி தொடங்கி மேலே மறுகால் திறந்தால் பொழி தானாகத் திறந்துகொள்ளும் என்று சொல்லிவிட்டு, மலைப்பக்கம் மேகம் இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்தார்.